பின்னுக்குத் தள்ளிய முள்

நோன்பின் முதல் நாள் மாலை கார்மென்ட் கம்பெனியின் நான்காவது மாடியில் இருந்தவர்கள்: ஏழாம் லைன் ஓவர்லாக் மெஷினில் மொமேனா. அவளுக்கு இடப்பக்கம் ஷெபாலி ராணி. வலப்பக்கம் ஜொய்குன் காலா, எல்லோருக்கும் சித்தி முறை. முன்னும் பின்னுமாக அறுபது பெண்கள். லைன் சீஃப் தொபாயேல். எடுபிடி வேலைக்கு மொகப்பர். கண்ணாடி அறைக்குள் புரொடக்‌ஷன் மேனேஜர். எல்லோருக்கும் அவர் பி.எம். சார். இவர்களோடு சுவரில் ஒரு கடிகாரம். அதையும் ஆள் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ஒரே மணி நேரத்தை நாளுக்கு இரண்டு முறை ஓடியது அது. கூடவே பெண்களையும் ஓட வைத்தது.

அந்த வருஷம், மழை தொடங்கும் ஆஷாட மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அரசாங்கம் நாட்டிலுள்ள எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது. மின்சாரம் போதவில்லை. ஜனங்கள் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் படுத்தால் விளக்கு எரிவது குறையும் என்று கணக்கு. கார்மென்ட் கம்பெனிகள் நிறைந்த ஃபதுல்லாவில் எல்லோரும் அதை டிஜிட்டல் டைம் என்றார்கள். மறுநாள் காலை பி.எம். சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். இது நேற்று முளைத்த யோசனை இல்லை என்றார். நியூசிலாந்தில் நூறு வருஷத்துக்கு முன்பு தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர், வேலை முடிந்து பூச்சி பிடிக்கப் போனால் வெளிச்சம் போதவில்லை என்று முதலில் கேட்டாராம். அப்போது எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு முதல் உலகப்போர் வந்தது. நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மன்காரர்கள் முள்ளைத் தள்ளினார்கள். அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தும் சில வாரங்களில் தள்ளியது. இப்போது நாமும் வளர்ந்த நாடுகளின் வரிசையில் நிற்கிறோம் என்றார். கடைசியில், "இனிமே நீங்கள்லாம் வெளிச்சம் இருக்கறப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி மைக்கை அணைத்தார்.

மொமேனாவின் காதில் இரண்டு விஷயம்தான் விழுந்தது. பூச்சி. வெளிச்சம்.

அவள் மகள் துலிக்கு ஏழு வயது. தலை நிறையப் பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தாள். பேன் பார்க்கப் பகல் வேண்டும். தகரக் கொட்டகையில் தொங்கும் பல்பு வெளிச்சத்தில் ஈருக்கும் பொடுகுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த பல்பும் இரவில் பாதி நேரம் எரியாது. மொமேனா காலையில் கிளம்பும்போது துலி தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பேர். மாதத்தில் மூன்று வெள்ளி ஷிப்மென்ட்டுக்குப் போய்விடும். கொட்டகைச் சொந்தக்காரி, "மொட்டை அடிச்சு விட்டுரு, தொல்ல விட்டுச்சு" என்றாள். மொமேனா அதற்கு ஒப்பவில்லை. புருஷன் வீட்டில் ஒருமுறை அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தலையை மழித்திருந்தார்கள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. மகளின் தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்பது மட்டும் அவளுக்குள் கல் மாதிரி கிடந்தது.

மைக் அணைந்ததும் ஷெபாலி குனிந்து சொன்னாள். "கேட்டியா? அந்த வெள்ளக்காரனுக்கும் உனக்கும் ஒரே வேலைதான்டி. ரெண்டு பேருக்கும் சாயங்காலம் பூச்சி பிடிக்கணும்."

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது மொகப்பர் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுவரோரம் போட்டான். ஏறினான். கடிகாரத்தைக் கழற்றி, பின்னாலிருந்த திருகைத் திருப்பி, முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் கொண்டுபோய் வைத்தான். இரண்டு மணி ஒன்றாகியது. அறுபது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்ற?" என்றாள் ஷெபாலி.

"சார் சொல்லிட்டார். காலைல கவர்மென்ட் மணி. மத்தியானத்துக்கு மேல பழைய மணி. அமெரிக்காவுல சரக்கு வாங்கறவனுக்கு நம்ம டிஜிட்டல் எல்லாம் தெரியாதாம்."

காலையில் புது எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் வெட்டு. மாலையில் பழைய எட்டு மணிக்குத்தான் விடுவார்கள். வெளியே அப்போது ஒன்பது. ஒளித்துச் செய்திருந்தால்கூடத் திருட்டு என்று சொல்லலாம். இது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோர் கண்ணெதிரிலும், முக்காலி போட்டு ஏறிச் செய்தது. முதல் வாரம் இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். மறுவாரம் கேட்டில் எல்லோருடைய வருகைக் கார்டும் இருந்தது, அவர்களுடையது இல்லை. அதற்குப் பிறகு கேள்வி நின்றது, கேலி மட்டும் மிஞ்சியது. மொகப்பர் ஏறும்போதெல்லாம் ஷெபாலி, "பாத்துடா, சூரியன் மேல கால் வெச்சிராத" என்பாள். அவனுக்கு முக்காலி மொகப்பர் என்று பேர் விழுந்தது. கேட்டுக்கு எதிரே, வெங்காயமும் பருப்பும் சேர்த்துப் பியாஜு சுட்டு விற்கிற கிழவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "வெள்ளக்காரன் சண்ட போட்டப்பவும் இப்படித்தான் முள்ளத் தள்ளினான்னு எங்கப்பன் சொல்வான். அடுத்த வருஷம் அரிசியக் காணோம்."

மொமேனா சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. தினமும் மதியம் முள் பின்னால் போகும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்வாள்: அது என்னுடைய மணி. வேலையில் வேகமாக இருந்தாள், வாயை மூடிக்கொண்டிருந்தாள். கார்டு காணாமல் போனால் கொட்டகை வாடகை இல்லை, துலிக்குச் சோறு இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ரமலான் வந்தது. முதல் நாள் காலை பி.எம். சார் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"நோன்பு விஷயத்துல யாரும் விளையாடறதில்ல. இன்னைலருந்து முப்பது நாளும் ஒரே மணி, கவர்மென்ட் மணி. கடிகாரத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க. ஷிப்மென்ட் இருக்கு, அதனால நோன்பு இங்கயே திறந்துட்டுப் போகலாம். கம்பெனி செலவுல பொட்டலம்."

மொகப்பர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பி.எம். சாரின் அறை வாசலில் போட்டான். பள்ளிவாசலில் அச்சடித்த நோன்பு அட்டவணையைக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினான். அன்றைய வரிசையில், நோன்பு திறக்க, புது நேரப்படி, ஏழு இருபத்தேழு என்று போட்டிருந்தது. ஜொய்குன் காலா இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டாள். "அல்லாவுக்கு பயந்த மனுஷன்தான்" என்றாள். ஜொய்குன் காலா எட்டு வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை. பெண்களுக்கு மாதாமாதம் விட்டுப் போகிற நாட்களையும் பெருநாள் முடிந்ததும் எண்ணிப் பிடித்துவிடுவாள். அந்த மாடியில் நோன்பு விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

நோன்பு மதியம் நீளும். எல்லா வருஷமும் நீளும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊசிக்கு அடியில் கழுத்துப் பட்டி வளைந்து ஓடுவது தண்ணீர் ஓடுவது மாதிரி தெரியும். ஆகவே அன்று மதியம் வழக்கத்தைவிட நீண்டபோது யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. மதியத்து லுஹர் தொழுகைக்குத் துணி மறைப்புக்குப் பின்னால் போய் வந்தார்கள். அந்த நேரத்தில் ஷெபாலி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கிவிட்டாள். அவள் இந்து; நோன்பாளிகளின் முன்னால் சாப்பிடுவதில்லை. தண்ணீர் பாட்டிலைக்கூடக் காலுக்கடியில் துணிக்குவியலில் ஒளித்து வைத்திருந்தாள். பிற்பகலில் அஸர் தொழுதார்கள். பிறகு கரண்ட் போனது. நீலப் பெயின்ட் அடித்த ஜன்னல்களைச் சாத்தி வைத்திருக்கும் அந்த மாடியில் கரண்ட் போனால் குழிக்குள் விழுந்த மாதிரி இருட்டு. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை அறுபது பேரும் ஊசியிலிருந்து விரலை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் மரச்சாமான் எதிலோ இடிபடும் சத்தம் கேட்டது.

"எலியா?" என்றாள் ஷெபாலி.

"எலி செருப்பு போட்டுக்கிட்டு வருமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். சிரிக்கத் தெம்பு இல்லை. விளக்கு வந்தது, மெஷின்கள் பிடித்தன.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மொமேனா முகம் கழுவ எழுந்தாள். லைனுக்கு ஒரு மரக்கட்டை உண்டு. ஏழு என்று பெயின்டில் எழுதி, ஓட்டை போட்டு, கயிறு கட்டியது. அது கையில் இருக்கிறவள்தான் கழிப்பறைக்குப் போகலாம்; அவள் திரும்பி வந்து கட்டையைக் கொடுத்த பிறகுதான் அடுத்தவள். கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கான நடைபாதையில் நடந்து, கதவைத் தள்ளினாள். குழாயைத் திறந்தாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு சதுர ஓட்டை. அந்த மாடியில் பெயின்ட் அடிக்காமல் விட்ட ஒரே திறப்பு அதுதான். எப்போதும் அதிலிருந்து தரையில் ஒரு வெளிச்சத் துண்டு விழுந்து கிடக்கும். இன்று இல்லை.

வாளியைக் கவிழ்த்தாள். ஏறினாள். விரல் நுனியால் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

வெளியே இரவு. மேகமூட்டத்து இருட்டு இல்லை. விளக்கு போட்ட, பழகிப்போன இரவு. பள்ளிவாசல் வாசலில் பச்சை டியூப் எரிந்தது. ஆட்கள் தொழுதுவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பேசியபடி வந்தார்கள். பியாஜு கிழவர் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தட்டில் ஒன்றும் இல்லை. ரிக்‌ஷாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவன் நிதானமாக ஒரு பீடியைப் பற்ற வைத்து, புகையை மூக்கு வழியாக விட்டான்.

மொமேனா அந்தப் பீடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெருப்பு முனை பிரகாசமாகி மங்கியது. அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. துணி எண்ணுகிற மாதிரி மனசு எண்ணியது. லுஹர்போது கொஞ்சம். அஸர்போது கொஞ்சம். கரண்ட் போன இருட்டில் மீதி. எலி இல்லை, முக்காலி. இரண்டு மாதமாக எடுத்தது அவளுடைய மணி. இன்று எடுத்தது யாருடையது? அது அறுபது பேருடையதுமில்லை. சாயங்காலம் சூரியன் விழுந்த நொடியில் வாயில் ஒரு மிடறு தண்ணீர் போகவேண்டும் என்பது மனுஷன் போட்ட மணி இல்லை. அதிலும் கை வைத்திருந்தார்கள். மொமேனா பெரிய பக்திக்காரி கிடையாது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல் தூங்கி, சும்மா பட்டினி கிடந்த நோன்புகள் அவள் கணக்கில் நிறைய. ஆனாலும் வாளியை நிமிர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

தையல் கூடத்துக்குத் திரும்பினாள். கடிகாரத்தில் ஆறு ஐம்பது. காலையில் பி.எம். சார் வாசலில் இருந்த முக்காலி இப்போது தூண் ஓரமாகக் கிடந்தது. மொகப்பர் அதன்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தன் இடத்துக்கு வந்தாள். உட்காரவில்லை. குனிந்து ஷெபாலியின் காலடித் துணிக்குள் கை விட்டு பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள்.

"ஏய், அது என்னோடது" என்றாள் ஷெபாலி. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"பிஸ்மில்லா" என்று சொல்லி மொமேனா குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. பாதி பாட்டிலைக் குடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

நோன்பாளிகளில் முதலில் பார்த்தது ஜொய்குன் காலா. "யா அல்லா! ஏ மொமேனா, பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? இன்னும் அரை மணிக்கு மேல கெடக்கு! வேணும்னே முறிச்சா அறுவது நாள் பிடிக்கணும், தெரியுமா?"

"முடிஞ்சு போச்சு காலா. வெளில மக்ரிப் தொழுதுட்டு வீட்டுக்குப் போறாங்க. நான் பாத்துட்டு வரேன்."

"என்னத்த பாத்த?"

"ராத்திரிய."

பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சத்தம் குறைந்ததும் தொபாயேல் ஓடி வந்தான். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பொத்தான் போட்டு மூடியிருந்தான். எப்போதும் முழங்கைவரை மடித்து விட்டுக்கொண்டு, கைக்கடிகாரம் தெரிய நடக்கிறவன். பெண்கள் கைக்கடிகாரம் கட்டக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். மொபைல்கள் காலையிலேயே கேட்டில் ஒரு சாக்குக்குள் போய்விடும்.

"என்ன நாடகம் இது? யார் தண்ணி குடிச்சது?"

"நான்தான் பாய். நேரமாச்சு, குடிச்சேன்."

"கண்ணு தெரியல? ஏழு ஆகல இன்னும்."

"கண்ணு தெரிஞ்சதாலதான் குடிச்சேன். வெளில இருட்டிப் போச்சு."

"பாத்ர மாசம்டி. மேகம் கட்டியிருக்கு. மழ வரப்போகுது."

"மேகத்துக்குப் பீடி குடிப்பாங்களா பாய்? ரிக்‌ஷாக்காரன் புகை விட்டுட்டு உக்காந்திருக்கான்."

"அவன் நோன்பு வெக்காதவனா இருப்பான்."

"பியாஜு கெழவர் சட்டிய சுரண்டறார். அவரும் வெக்காதவரா? பள்ளிவாசல்லருந்து வரவங்க எல்லாரும்?"

தொபாயேல் சுற்றிலும் பார்த்தான். அறுபது முகங்களும் அவனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தன. "இங்க பாருங்க" என்று குரலை உயர்த்தினான். "ஒருத்தி கண்ண நம்பறதா, கடிகாரத்த நம்பறதா? கடிகாரம் பொய் சொல்லுமா?"

"கடிகாரத்துக்கு வாய் இல்ல பாய்" என்றாள் ஷெபாலி. "மொகப்பருக்கு இருக்கு. அவன கேளுங்க."

"நீ சும்மா இரு. உனக்கு என்ன நோன்பா, பண்டிகையா? உனக்கு இதுல பேச்சே இல்ல."

மொகப்பர் முக்காலியிலிருந்து எழுந்து நின்றான். நின்றவன் முக்காலியைப் பார்த்தான். பிறகு மறுபடியும் உட்கார்ந்தான். அவ்வளவுதான். அவனுக்கும் வீட்டில் நாலு பேர் இருந்தார்கள்.

தொபாயேல் மொமேனாவிடம் குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, முகத்துக்கு நேராக, "இப்பவே உக்காந்து ஓட்டு. குடிச்சத நான் பாக்கலேன்னு வெச்சுக்கறேன். இல்லேன்னா நாளைக்கு உன் கார்டு இருக்காது" என்றான்.

நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வாய்க்கு ஒரு வாசம் உண்டு. புளித்த, காய்ந்த, பழைய துணி மாதிரியான வாசம். அந்த மாடியில் அன்று எல்லோர் மூச்சிலும் அது இருந்தது. ஆகவே யாருக்கும் தெரியவில்லை. பட்டினி கிடக்கிறவளின் மூக்கு நாய் மூக்கு. தொபாயேலின் மூச்சில் பச்சை வெங்காயம் இருந்தது. கடுகெண்ணெய் இருந்தது. பொரியில் பிசைந்து, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு, இப்போதுதான் தின்ற வாசம்.

மொமேனா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். துலியின் தலை ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிடலாம். அரை மணி. தண்ணீர்தான் குடித்தாகிவிட்டதே. பொட்டலம் கிடைக்கும், கார்டு இருக்கும், நாளைக்கும் மொகப்பர் இருட்டில் முக்காலியைத் தேடுவான்.

அவள் கண்ணைத் திறந்தாள். இதுவரை இல்லாத சத்தத்தில், ஆறாம் லைனுக்கும் எட்டாம் லைனுக்கும் கேட்கும்படி சொன்னாள். "உங்க வாயில பச்ச வெங்காய வாசம் வருது, தொபாயேல் பாய்."

அவன் பின்னால் நகர்ந்தான். இரண்டு அடி. நகரும்போதே கை வாய்க்குப் போனது. அந்தக் கையை எல்லோரும் பார்த்தார்கள்.

"நோன்பு வாயில வெங்காயம் மொளைக்குமா காலா?" என்று ஷெபாலி ஜொய்குன் காலாவிடம் கேட்டாள். "எனக்குத் தெரியாது, அதான் கேக்கறேன்."

கண்ணாடிக் கதவு திறந்தது. பி.எம். சார் எப்போதும் கத்த மாட்டார். அவர் மெதுவாகப் பேசினால் மெஷின்காரிகள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அது அவருடைய முறை. நடந்து வந்து மொமேனாவையும் கையிலிருந்த பாட்டிலையும் பார்த்தார். முகத்தில் உண்மையாகவே வருத்தம் மாதிரி ஒன்று இருந்தது.

"நோன்ப முறிச்ச பொண்ண நோன்பாளிங்க நடுவுல உக்கார வெக்க முடியாது. கீழ அனுப்பிரு" என்றார். பிறகு மற்றவர்களிடம், "நீங்க உங்க நோன்பக் கெடுத்துக்காதீங்க. பகல் பூரா கஷ்டப்பட்டிருக்கீங்க. இன்னும் கொஞ்ச நேரம். பொட்டலம் தயாரா இருக்கு" என்றார்.

"நீங்க திறந்துட்டீங்களா சார்?" என்றாள் மொமேனா.

அவர் அவளைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். "கத்தரிய வாங்கிக்கோ" என்று தொபாயேலிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நூல் வெட்டும் கத்தரி கம்பெனியுடையது. மொமேனா அதை மேசைமேல் வைத்தாள். பாட்டிலை ஷெபாலியிடம் கொடுத்தாள். முடித்த பீஸ்களை ஒழுங்காக அடுக்கினாள். எதற்காக அடுக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கை பழகியிருந்தது. கடைசியாகக் கழுத்திலிருந்த மரக்கட்டையைக் கழற்றினாள். தொபாயேல் கையை நீட்டினான். அவள் அதை அவன் கையில் வைக்கவில்லை. ஜொய்குன் காலாவின் மெஷினில், ஊசிக்குப் பக்கத்தில், பாதி தைத்த கழுத்துப் பட்டியின்மேல் வைத்தாள்.

"வாளியக் கவுத்துப் போட்டுத்தான் வெச்சிருக்கேன் காலா" என்றாள்.

ஜொய்குன் காலா கட்டையைப் பார்த்தாள். அவள் உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. நாற்பத்தைந்து வயதில், அத்தனை வருஷத்து நோன்பும் ஒரு கட்டையில் வந்து நிற்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். பொய்யான மணியை நம்பி நோன்பு திறப்பதைத் தள்ளிப்போட்டால் ஒரு குற்றம். மணிக்கு முன்னால் முறித்தால் பெரிய குற்றம். தொபாயேல் கட்டையை எடுக்கக் குனிந்தான். ஜொய்குன் காலா உள்ளங்கையை விரித்துக் கட்டையின்மேல் வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள். அவன் கை அந்தரத்தில் நின்றது.

அதற்குமேல் மொமேனா பார்க்கவில்லை. படியிறங்கினாள். இறங்க இறங்க ஜெனரேட்டரின் இரைச்சல் ஏறியது. டீசல் புகையில் கண் எரிந்தது. கீழே கேட்டில் கம்பிக்கதவுக்கு உள்ளே, காவல்காரர் சோப்ஹான் சாச்சா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே கேட்டுக் கடிகாரம். காலையில் ஐந்து நிமிஷம் பிந்தினாலும் கண்டுபிடிக்கிற கடிகாரம். அதில் எட்டாகி ஐந்து.

"என்னம்மா, இவ்வளவு நேரமா ஒண்ணும் சத்தத்தக் காணோமே. மேல நோன்பு திறந்தாச்சா?"

"நான் திறந்துட்டேன் சாச்சா."

"மத்தவங்க?"

"தெரியல."

அவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். சுவரிலிருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார். "சரி சார். சரி சார். யாரையும் விட மாட்டேன் சார்." போனை வைத்தார். சாக்கிலிருந்து அவள் மொபைலைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "போ மா. உன்ன விட்டுட்டு பூட்டச் சொல்றார். வேற யாரும் இறங்கக் கூடாதாம்." சாவிக்கொத்தை எடுத்தபடி, "என்னத்தையாவது பேசித் தொலைச்சியா?" என்றார்.

"மணி கேட்டேன்."

வெளியே வந்தாள். பியாஜு கிழவர் மேசைக்காலை மடக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வெறும் தட்டைத் தூக்கிக் காட்டினார். "முடிஞ்சு போச்சும்மா. நாளைக்கு வா." அவள் தலையாட்டினாள். நாளைக்கு. நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை முழுப் பகலும் சும்மா கிடக்கும். கொட்டகை வாசலில் துலியை மடியில் கிடத்தி, ஒரு முடி விடாமல் பேன் பார்க்கலாம். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு. அடுத்த மாதம் வாடகைக்குக் கையில் காசு இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க ஒரு அணு மனசும் இல்லை.

தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நான்காவது மாடி ஜன்னல்கள் நீலமாக, குருடாக இருந்தன. அவற்றின் ஓரத்தில், சுவரில், சின்னதாக மஞ்சள் சதுரம்: கழிப்பறை ஓட்டை. மெஷின்கள் ஓடுகின்றனவா நின்றுவிட்டனவா என்று ஜெனரேட்டர் இரைச்சலில் தெரியவில்லை.

சதுரம் மஞ்சளாகவே இருந்தது.

ஜொய்குன் காலா குள்ளம். வாளிமேல் ஏறினாலும் எட்டாது, நுனிக்காலில் நிற்கவேண்டும். முழங்கால் வலிக்காரி.

சாவிக்கொத்தோடு சோப்ஹான் சாச்சா கம்பிக்கதவைத் தாண்டி ஒரு அடி வெளியே வந்தார். "போகாம அங்க என்னம்மா பாத்துட்டு நிக்கற?"

"மணி பாக்கறேன் சாச்சா."

அவரும் அண்ணாந்து பார்த்தார். அப்போது சதுரம் இருண்டது. நிறைய நேரம் இருண்டே இருந்தது. ரிக்‌ஷாக்காரன் அடுத்த பீடியையும் காலில் நசுக்கிவிட்டு மிதித்துக்கொண்டு போகும்வரை. பிறகு வெளிச்சம் திரும்பியது. மொமேனா மூச்சை விட்டாள்.

உள்ளே போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. சோப்ஹான் சாச்சா அவளை ஒருமுறை பார்த்தார். உள்ளே போனார். கம்பிக்கதவை இழுத்துச் சாத்தினார். சங்கிலியைச் சுற்றினார். மேலே சதுரம் மறுபடி இருண்டது. இந்த முறை வேறு தலை.

பூட்டு விழுந்தது.